தண்ணீர் தொடாத மாத்திரை

நம் வயதுக்காரர்கள் யாரைப் பார்த்தாலும் நான் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. மாத்திரை போடும்போது எவ்வளவு தண்ணீர் குடிக்கிறீர்கள்? சர்க்கரைக்கு, பிரஷருக்கு, முழங்கால் வலிக்கு என்று நாம் எல்லோருமே இப்போது ஏதோ ஒன்றை விழுங்கிக்கொண்டுதான் இருக்கிறோம். ஒரு மடக்குப் போதும் என்பார்கள் சிலர். எனக்குத் தண்ணீரே வேண்டாம், எச்சிலிலேயே இறக்கிவிடுவேன் என்று பெருமையாகச் சொல்கிறவர்களும் உண்டு. அவர்களை விட்டு என்னால் நகர முடியாது. ஒரு செம்புத் தண்ணீரைக் கையில் கொடுத்து, குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்பேன். இவளுக்கு எதற்கெடுத்தாலும் பயம் என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

அந்தப் பயம் எனக்கு ஒரு தவக்காலத்தில் வந்தது. தொண்ணூறுகளின் நடுவில், நான் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தபோது. அதற்கு மேல் நான் படிக்கவில்லை. அதுவும் அந்தத் தவக்காலத்தோடு சேர்ந்ததுதான்.

எங்கள் ஊர் காரைக்குடியிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம். செம்மண் பொட்டல், அதன் நடுவே வேதக்காரர்கள் தெரு என்று சொல்லும் எங்கள் கிறிஸ்தவத் தெரு, தெருக் கடைசியில் கோயில், கோயிலுக்குப் பின்னால் கண்மாய். கண்மாய்க் கரையில் ஏறி நின்றால் குன்றக்குடி மலை தெரியும். பங்குனியில் அங்குட்டுக் காவடி போகும் சத்தம் கேட்கிற நாட்களில்தான் இங்குட்டு எங்கள் தபசு நாட்களும் வரும்.

பெரிய வெள்ளியன்று பட்டப்பகலில் ஊரே சிலுவைப் பாதை நடக்கும். ஏசுவாக ஒருவர் சிலுவை சுமப்பார். ஆறாம் ஸ்தலத்தில் வெரோணிக்கம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, ரத்தமும் வேர்வையுமாக இருக்கும் அவர் முகத்தைத் துடைப்பாள். துணியில் அவர் முகம் அப்படியே பதிந்துவிடும். அந்த வேஷம் எங்கள் வீட்டுக்கு உரியது. ஏன் என்று யாரும் கேட்டதில்லை. அப்பாவின் அக்கா, என் அத்தை, குமரியாக இருந்தபோது அவள் துடைத்தாள். அவள் கல்யாணமாகிப் போன பிறகு சித்தப்பா வீட்டுப் பெண்கள் துடைத்தார்கள். அந்த வருடம் என் முறை.

துணியில் முகம் பதிவதற்கு ஒரு சூட்சுமம் உண்டு. துணி இரண்டு மடிப்பாக இருக்கும். வெளி மடிப்பு வெள்ளை. உள் மடிப்பில் ஏசுவின் முகத்தை முன்பே வரைந்திருப்பார்கள். வெள்ளையால் துடைத்துவிட்டு, குனிந்த வாக்கில் மடிப்பைப் புரட்டி விரித்துக் காட்ட வேண்டும். அத்தைக்கு அது கண் மூடித் திறப்பதற்குள் வரும். புருஷன் இறந்து பிறந்த வீட்டோடு வந்துவிட்டவள் அவள். வெள்ளைச் சேலை, கழுத்தில் மாதா படம் தைத்த உத்தரியம். அடுப்படியில் ஒரு துண்டை வைத்து எனக்குப் புரட்டக் கற்றுக்கொடுத்தாள்.

எல்லாம் சரி. என் முகம்தான் சரியில்லை.

நெற்றி, கன்னம், தாடை என்று பாக்கியில்லாமல் பரு. சும்மா ஒன்றிரண்டு அல்ல, சீழ் கோத்து, ஒன்றின் மேல் ஒன்று ஏறியது. காலையில் தலையணை உறையில் புள்ளி புள்ளியாக ரத்தம் இருக்கும். சிலுவைப் பாதைக்கு ஆள் சேர்க்க வந்த கோயில் உபதேசியார் என்னைப் பார்த்துவிட்டு, அம்மாவிடம் சொன்னார்:

"பிள்ளை உயரமும் நடையும் நல்லாயிருக்கு. மூஞ்சியை மட்டும் அதுக்குள்ள கொஞ்சம் பாத்துக்கங்க."

அவர் போன பிறகு அத்தை என் தாடையைப் பிடித்துத் திருப்பினாள்.

"ஆண்டவர் மூஞ்சியைத் தொடைக்கப் போறவ மூஞ்சியாடி இது? அவரு இவளுக்குத் தொடைச்சு விடணும் போலருக்கே."

அம்மா சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். பிறகு கிணற்றடிக்குப் போய் அழுதேன்.

அப்பா பால் சொசைட்டியில் வேலை பார்த்தார். லீவு போட்டு என்னைக் காரைக்குடிக்கு அழைத்துப்போனார். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மாடியில் டாக்டர். கீழே வரை வரிசை. டாக்டர் என் முகத்தைப் பார்த்த நேரத்தைவிட எழுதிய நேரம்தான் அதிகம். "ஆன்டிபயாடிக் எழுதியிருக்கேன். ரெண்டு வேளை. நிறுத்தாமப் போடணும்" என்றார். வேறு ஏதும் சொன்னாரா என்று பிறகு எத்தனையோ தடவை அப்பாவிடம் கேட்டிருக்கிறேன். "அவ்வளவுதாம்மா சொன்னாக" என்பார். ஒரு முறை மட்டும், "ஏதோ சொன்னாக, எறங்கி வாரதுக்குள்ள மறந்துபோச்சு" என்றார். அதன் பிறகு நான் கேட்கவில்லை.

மருந்துக் கடைக்காரர் காக்கிக் கவரின் மேல் பேனாவால் ஒரு சூரியனும் ஒரு நிலாவும் வரைந்து கொடுத்தார். படிக்கத் தெரியாதவர்களுக்காக அப்படி வரைவார்கள். எனக்குப் படிக்கத் தெரியும். இருந்தாலும் அந்தச் சூரியன் எனக்குப் பிடித்திருந்தது. சுற்றிலும் கோடு கோடாகக் கதிர் போட்டிருந்தார். அந்தக் கவர் வெகுகாலம் என் பெட்டியில் இருந்தது, பிறகு காணவில்லை. உள்ளே கேப்ஸ்யூல்கள். பாதி பச்சை, பாதி மஞ்சள். நாக்கில் வைத்தால் பிசின் மாதிரி இழுக்கும்.

நிலா வேளைக்குச் சிக்கலில்லை. "மாத்திரை சூடு, பாலோட போடு" என்று அம்மா ஒரு டம்ளர் பால் தருவாள். சூரிய வேளைக்குத்தான் பஞ்சாயத்து வந்தது. தவக்காலம் முழுக்க விடியற்காலைப் பூசைக்குப் போவது எங்கள் வீட்டுப் பழக்கம். அத்தையோ பழைய சட்டக்காரி. பூசையில் நன்மை அப்பம் வாங்கும்வரை ஒரு சொட்டுத் தண்ணீர்கூட உள்ளே போகக் கூடாது என்பாள்.

"அதெல்லாம் இப்ப இல்லைன்னு பங்குச் சாமியாரே சொல்லிட்டாகளே மதினி" என்றாள் அம்மா.

"அவுக சின்னப் பையன். நேத்துப் பட்டம் வாங்கி வந்தவுக. அவுகளுக்கு என்ன தெரியும்?"

"அப்ப மாத்திரையை எப்ப போடுறது? டாக்டரு காலையில போடச் சொல்லியிருக்காரு. பூசை முடிஞ்சு பள்ளிக்கூடத்துக்கு ஓடுறா. மறந்துருவா."

அத்தை கொஞ்சம் யோசித்துத் தீர்ப்புச் சொன்னாள்.

"மருந்து ஆகாரத்துல சேராது. மருந்து போடலாம். தண்ணிதான் கூடாது."

அப்படித்தான் முடிவாயிற்று. முதல் மணி அடிக்கும்போது அம்மா என்னை எழுப்பி, வாயில் கேப்ஸ்யூலைப் போடுவாள். எச்சிலைக் கூட்டிக் கூட்டி விழுங்குவேன். இரண்டாம் மணிக்கு இன்னும் நேரம் இருக்கிறதே என்று மறுபடி படுத்துவிடுவேன். விழுங்கியது பாதி வழியில் நிற்பது தெரியும். தூக்கம் பெரிதாயிருந்தது.

சில நாள் கழித்து ஒரு காலையில், நன்மை வாங்கிவிட்டு முழந்தாளில் இருந்தேன். அப்பம் தொண்டையைத் தாண்டி இறங்கியது. நெஞ்சுக்கு நடுவில் வந்ததும் சுட்டது.

எரிச்சல் என்று சொல்ல முடியாது. அடுப்பிலிருந்து எடுத்த நெருப்புக் கங்கை அங்கே வைத்தது மாதிரி. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த அத்தை அதைப் பார்த்துவிட்டு, பக்தி என்று நினைத்துத் தானும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. அதாவது, புரிந்ததாக நினைத்தேன். அத்தை சொல்லும் கதைகளில் ஒன்று உண்டு. சாவான பாவத்தை மறைத்துக்கொண்டு நன்மை வாங்கிய ஒருவனுக்கு, அப்பம் நெஞ்சில் நெருப்பாக நின்றுவிட்டதாம். வயிற்றுக்கும் போகாமல், வாய்க்கும் வராமல், சாகும்வரை அங்கேயே எரிந்ததாம். ராத்திரிச் சோறு ஊட்டும்போது சொல்லுகிற கதை. நான் அந்த ஆளாகிவிட்டேன்.

என்ன பாவம் என்று தேட ஆரம்பித்தேன். நாம் அந்த வயதில் என்ன பெரிய பாவம் செய்திருக்கப் போகிறோம்? இருந்தாலும் தேடினேன். பாவசங்கீர்த்தனத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். சுட்டது நிற்கவில்லை. அப்படியானால் ஏதோ விட்டுப்போயிருக்கிறது. மறுபடி போனேன். செய்ததெல்லாம் தீர்ந்துபோய், செய்திருக்கக்கூடியதையும் சொல்ல ஆரம்பித்தேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் சாமியார் கடைசியில் மெதுவாகச் சொன்னார்:

"போதும்மா. இவ்வளவு பாவம் செய்ய உனக்கு நேரமே இருந்திருக்காது. போய்ச் சாப்பிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போ."

சாப்பாடுதான் இறங்கவில்லையே. சோற்று உருண்டை அந்த இடத்தைத் தாண்டும்போது உயிர் போகும். வீட்டில் சொல்ல முடியுமா? நன்மை வாங்கும்போது சுடுகிறது என்றால் அத்தைக்குத் தெரிந்துவிடும். தட்டை ஒதுக்கிவிட்டு எழுந்துவிடுவேன். "பிள்ளை பெரியவுக மாதிரி ஒருசந்தி இருக்கா" என்று அத்தை தெருவெல்லாம் சொன்னாள். அம்மா மட்டும் என் கழுத்தெலும்பைப் பார்த்தபடி இருப்பாள்.

பருவில் என்னவோ கொஞ்சம் மாற்றம் இருந்தது. பெரியவை வற்ற ஆரம்பித்தன. அம்மாவுக்கு அவசரம். பெரிய வெள்ளி நெருங்குகிறது. வற்றுவதை இன்னும் சீக்கிரம் வற்ற வைக்க ஒரு வழி கண்டுபிடித்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் என்னை மொட்டை மாடியில் வெயிலுக்கு முகம் காட்டி உட்கார வைத்தாள். பக்கத்தில் பாயில் கூழ் வத்தல் காய்ந்துகொண்டிருக்கும்.

"வெயில் பட்டா ஈரம் இழுத்துரும். பரு தானா உதுந்துரும்" என்பாள்.

லீவு நாளில் உச்சி நேரத்திலும் உட்கார்ந்தேன். வெயில் பட்ட கொஞ்ச நேரத்திலேயே முகத்திலும் புறங்கையிலும் எறும்பு ஊறும். தட்டிவிட்டுப் பார்த்தால் எறும்பு இருக்காது. நிழலுக்கு வந்தால் நின்றுவிடும். நான் இதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டேன். கோயிலுக்குள் போனால் நெஞ்சில் சுடுகிறது. வெளியே வந்தால் வெளிச்சம் கடிக்கிறது. என்னை எங்கேயும் வைத்துக்கொள்ள ஆண்டவருக்கு மனசில்லை.

பாடுகளின் வாரம் நெருங்கும்போது கோயிலில் எல்லாச் சுரூபங்களையும் ஊதாத் துணியால் மூடிவிடுவார்கள். உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். மாதா, சூசையப்பர், அந்தோணியார் எல்லோரும் முகமில்லாமல் நிற்பார்கள். தலை இருக்கும், தோள் இருக்கும், துணிக்குள் மூக்கு லேசாக முட்டிக்கொண்டிருக்கும். காற்றடித்தால் துணி வாயோடு ஒட்டும். சின்ன வயதிலிருந்து பார்ப்பதுதான். அந்த வருடம் மட்டும், அவர்கள் என்னைப் பார்க்காமல் இருப்பதற்காக மூடியிருக்கிறார்கள் என்று பட்டது.

அத்தை அதே நாளில் வீட்டுக் கண்ணாடியையும் ஊதாத் துணி போட்டு மூடுவாள். ஏசு உயிர்த்த பாஸ்கு ஞாயிறுவரை யாரும் முகம் பார்க்கக் கூடாது, அதுவும் ஒரு தபசு. வீட்டில் இருந்தது அந்த ஒரு கண்ணாடிதான். பள்ளிக்கூடமும் அந்த வாரம் லீவு. அதனால் என் முகத்துக்கு என்ன ஆகிறது என்று எனக்குத் தெரியாது. மற்றவர்களின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

ஒத்திகையில் ஏசுவாக வந்த அண்ணன் காரைக்குடியில் லேத்துப் பட்டறையில் வேலை பார்ப்பவர். முதல் ஒத்திகையில், "தங்கச்சி, மெதுவாத் தொடை, மூக்கைத் திருகிறாத" என்று கேலி செய்தார். கடைசி ஒத்திகையில் என்னை நேராகப் பார்க்கவில்லை. உபதேசியாரிடம் ஏதோ கேட்டார். உபதேசியார் என் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டு, "நல்லாத்தான இருக்கு" என்றார். அத்தையிடம் கேட்டேன். "நல்லாத்தான இருக்கு." அப்பாவிடம் கேட்டேன். செருப்பை மாட்டிக்கொண்டே, "நல்லாத்தாம்மா இருக்கு" என்றார். கையால் தொட்டுப் பார்த்தேன். தொட்டது என் கன்னம் மாதிரி இல்லை. வழுவழுப்பாக, உப்பலாக, வேறு யாருடையதோ போல இருந்தது.

பெரிய வெள்ளியன்று காலை அம்மா எனக்கு வேஷம் கட்டினாள். நீலப் பாவாடை, தலையில் வெள்ளை முக்காடு. முகத்துக்கு வந்ததும் கை நின்றது. சந்தனக் கட்டையை எடுத்து உரசினாள். "குளுமையா இருக்கும்" என்றாள். என் முகத்தைப் பார்க்காமலே பூசினாள். பூசிய இடமெல்லாம் முதலில் குளிர்ந்தது, பிறகு தீயாய்க் காந்தியது.

ஆறாம் ஸ்தலம் கண்மாய்த் தண்ணீர் வழிகிற கலுங்குக்குப் பக்கத்தில். மரம் கிடையாது. நானும் அம்மாவும் முன்பே போய் நின்றோம். ஊர்வலம் ஒவ்வொரு ஸ்தலமாக நின்று நின்று வந்தது. உச்சி வெயில். செம்மண்ணிலிருந்து அனல் எழும்பிக் கூட்டத்தைத் தண்ணீரில் தெரிவது போல் ஆட்டியது. பாட்டு மட்டும் முன்னால் வந்து சேர்ந்தது. சந்தனம் காய்ந்து இழுக்க ஆரம்பித்ததும் நான் முனகினேன். அம்மா கிண்ணத்தில் மீதியிருந்ததைக் கலுங்குத் தண்ணீரில் குழைத்து மறுபடி கெட்டியாக அப்பினாள். "அவுக வாரதுக்குள்ள வழிச்சு விட்டுர்றேன்" என்றாள். அதற்குள் அவர்கள் வந்துவிட்டார்கள்.

நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனேன். அண்ணன் சிலுவையோடு முழந்தாளில் இருந்தார். முகமெல்லாம் சிவப்புச் சாயம். வெள்ளை மடிப்பால் துடைத்தேன். அவர் என்னைப் பார்த்தார். வேஷத்திலிருந்து விலகி, அவர் உதடு அசைந்தது.

"தங்கச்சி, என்னாச்சு உனக்கு?"

அந்த நேரத்தில் வெயில் என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தது. அப்படித்தான் சொல்ல முடியும். புரட்ட வேண்டிய துணியைப் புரட்டாமல், ஈரமாக இருந்ததே என்று என் முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. இருட்டாக இருந்தது, நன்றாக இருந்தது. எடுத்தபோது ஏதோ உரிந்து வந்தது.

பாட்டு நின்றுவிட்டது. துணி என் கையில் விரிந்திருந்தது, வெள்ளைப் பக்கம் கூட்டத்தைப் பார்த்து.

முதலில் அத்தைதான் மண்ணில் விழுந்தாள். பிறகு ஒவ்வொருவராக. என்ன பார்க்கிறார்கள் என்று நான் துணியைத் திருப்பிப் பார்த்தேன். சந்தனத்தில் ஒரு முகம். நெற்றி, மூக்கு, மூடிய வாய். கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு வெற்றுக் குழி. அதைச் சுற்றிச் சிவப்பு. இத்தனை நாள் கழித்து நான் என் முகத்தைப் பார்த்தது அங்கேதான்.

அப்புறம் நடந்ததில் ஒரு சின்ன வேடிக்கையும் உண்டு. ஏசுவின் முகம் பதிந்துவிட்டது என்று கூட்டம் அழுதபோது, அண்ணன் ஒட்டுத் தாடியைத் தடவிக்கொண்டே உபதேசியாரிடம், "என் மூஞ்சி இல்லீங்க. எனக்கு மீசை தாடியெல்லாம் இருக்கே. இதுல ஒண்ணையும் காணோமே" என்றார். அதுவும் சரிதான் என்று யோசித்தார்கள். அப்படியானால் அது மாதா என்று அத்தை சொன்னாள். சாமியார் துணியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "பிள்ளையை நிழலுக்குக் கொண்டுபோங்க. துணியைத் துவைச்சுப் போடுங்க" என்று மட்டும் சொன்னார். என்னை நிழலுக்குக் கொண்டுபோனார்கள். துணியை யாரும் துவைக்கவில்லை.

முகம் முழுக்கக் கொப்புளம் கண்டு, தோல் சுருண்டு வந்தது. கட்டைவிரல் நகங்கள் இரண்டும் வலியெடுத்து, சதையை விட்டுத் தூக்கிக்கொண்டன. பின்தெருவில் விவசாயக் குடும்பத்து அம்மா ஒருத்தர் உண்டு, நெல் அவிக்க எங்கள் முற்றத்துக்கு வருகிறவர். அவர் வந்து பார்த்து, வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இது அம்மையாட்டம்ல இருக்கு. மருந்து மாத்திரை குடுக்காதீக, ஆத்தா கோவிச்சுக்கிருவா. இளநி குடுங்க, மோரு குடுங்க. நான் வேப்பங்கொழை கொண்டாரேன்."

அம்மா யார் சொன்னாலும் கேட்கிற நிலையில் இருந்தாள். காக்கிக் கவரில் மீதியிருந்ததை அடுப்பில் கொட்டினாள். கேப்ஸ்யூல் எரியும்போது நகம் கருகுகிற வாடை வந்தது. மாதா இறங்கிய வீட்டு நிலையில் வேப்பங்குழை தொங்கியது.

சில வாரத்தில் கொப்புளம் ஆறியது. நெஞ்சில் சுடுவதும் நின்றது. சோறு இறங்கியது, நன்மையும் இறங்கியது. எல்லோருக்கும் சந்தோஷம். எனக்குத்தான் வேறொரு பயம் வந்தது. என்னிடம் இருந்த பாவம் எங்கே போயிற்று? துணிக்குத்தான் போயிருக்க வேண்டும். அத்தை அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தன் அறைச் சுவரில் மாட்டி, வெள்ளிக்கிழமைதோறும் மெழுகுவர்த்தி ஏற்றினாள். நான் அந்த அறைக்குள் போக மாட்டேன்.

போக வைத்தார்கள். சிங்கம்புணரியிலிருந்தெல்லாம் பெண்கள் வந்தார்கள். பிள்ளையில்லாதவர்கள், வயிற்று வலிக்காரர்கள். நான் துணிக்குப் பக்கத்தில் நின்று அவர்கள் தலையில் கை வைக்க வேண்டும். அப்பாவுக்கு இஷ்டமில்லை. "ஜூன்ல பள்ளிக்கூடம் தொறந்துரும்க்கா" என்பார். "தொறக்கட்டும். மாதா தொட்ட மூஞ்சியை வச்சுக்கிட்டுக் கணக்கா போடுவா?" என்பாள் அத்தை. ஜூன் வந்தது. ஒரு நாள் போனேன். பெஞ்சில் எனக்கு இரண்டு பக்கமும் இடம் விட்டு உட்கார்ந்தார்கள். கும்பிடுவதா ஓடுவதா என்று அவர்களுக்குத் தெரியவில்லை. மறுநாள் நான் போகவில்லை. யாரும் போகச் சொல்லவுமில்லை.

ஒரு மத்தியானம் கீழச்சிவல்பட்டியிலிருந்து ஒரு பெண் தன் சின்ன மகளைத் தூக்கி வந்திருந்தாள். காய்ச்சல் விட்டு விட்டு வருகிறதாம். பேச்சு நன்றாக வந்த குழந்தை. துணியை வெகுநேரம் பார்த்தது.

"அக்காவைக் கும்பிடும்மா" என்றாள் தாய்.

குழந்தை துணியைப் பார்த்துக் கைகூப்பியது.

"அங்குட்டு இல்லடி, அக்கா இங்குட்டு."

குழந்தை என்னைத் திரும்பிப் பார்த்தது. புதுத் தோல் ஏறி, அங்கங்கே கறுப்பும் வெளுப்புமாக இருந்த என் முகத்தை. பிறகு துணியைக் காட்டி, "அக்கா அங்குட்டு இருக்கு" என்றது. என் பக்கம் விரலை நீட்டித் தாயிடம் கேட்டது:

"இது யாரு?"

நான் ஆட்கள் தலையில் கை வைப்பதை அன்றோடு நிறுத்திவிட்டேன். வலுக்கட்டாயம் செய்தால் கிணற்றில் விழுவேன் என்றதும் விட்டுவிட்டார்கள். கல்யாணமாகி காரைக்குடிக்கு வந்தேன். முகத்தில் கறுப்பு மங்கிவிட்டது. பருக்குழி மட்டும் மிச்சம். ஆனாலும் கண்ணாடி முன் நிற்கும்போதெல்லாம் அந்தக் கேள்வி வரும். வந்துகொண்டேதான் இருக்கிறது.

இப்போது என் மகளுக்கு அதே வயது, அதே பரு. கிறிஸ்மஸ் முடிந்து ஒரு தோல் டாக்டரிடம் அழைத்துப்போனேன். சின்னப் பெண், என் மகளுக்கு அக்கா மாதிரி இருந்தார். மாத்திரை எழுதிவிட்டு அவளிடம் நிதானமாகச் சொன்னார்.

"இது டாக்ஸிசைக்ளின்னு ஒரு ஆன்டிபயாடிக். சாப்பிட்ட பிறகு போடணும். பெரிய டம்ளர் நிறையத் தண்ணி குடிக்கணும். போட்டதும் படுக்கக் கூடாது. பாலோட போடாத, வேலை செய்யாது. வெயில்ல அலையாத."

நான் கேட்டேன். "தண்ணியில்லாம முழுங்கினா என்ன ஆகும்மா?"

"உணவுக்குழாயில ஒட்டிக்கும். அந்த இடம் புண்ணாயிடும். எச்சில் முழுங்கினாக்கூட நெருப்பு மாதிரி இருக்கும்."

"வெயில்ல நின்னா?"

"சிலருக்குத் தோல் வெந்துபோயிடும். கொப்புளம்கூட வரும்."

"கட்டைவிரல் நகம் தூக்கிக்கிருமா?"

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "ஆமா. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

மகளின் கையிலிருந்த மருந்துச் சீட்டை வாங்கிப் படித்துக்கொண்டே படியிறங்கினேன். இத்தனை வருடம் நான் சுமந்த பாவத்தை ஒரு சின்னப் பெண் டம்ளர் தண்ணீரில் கரைத்துவிட்டார். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். வரவில்லை. பாவம் இல்லை என்றால் அந்த நெருப்பில் நான் கண்டதெல்லாம் யாரை?

அடுத்து வந்த தவக்காலத்திலேயே அத்தை படுத்துவிட்டாள். அப்பா அம்மா போன பிறகு அந்த வீட்டில் அவள் மட்டும்தான். நான் போய்ப் பார்த்துக்கொண்டேன். சாப்பாடு இறங்கவில்லை, ஸ்பூனில் தண்ணீர் விட்டேன். எதிர்ச் சுவரில் துணி. அவள் பார்வை அதை விட்டு நகரவில்லை. ஒரு சாயங்காலம், தெளிவாக இருந்தபோது, சொல்லிவிட்டேன். சொல்லாமல் அனுப்பினால் எனக்குத் தூக்கம் வராது என்று தெரியும்.

"அத்தை, அது மாதா இல்லை. அந்த மாத்திரைதான். தண்ணியில்லாம முழுங்குனதால நெஞ்சுல ஒட்டிருச்சு. வெயில்ல நின்னதால மூஞ்சி வெந்துருச்சு. துணியில இருக்கறது அம்மா பூசுன சந்தனம்."

அவள் துணியைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அப்ப இத்தனை வருசமா நான் யார்கிட்டடி வேண்டிக்கிட்டு இருந்தேன்?"

"என்கிட்டதான் அத்தை."

அவள் துணியிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள். கோபமில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"உனக்குக் கேட்டுச்சா?"

கல்யாணமான நாளிலிருந்து, வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில், அவள் மெழுகுவர்த்தி ஏற்றுகிற நேரத்துக்கு, காரணமில்லாமல் என் நெஞ்சுக்கு நடுவில் லேசாக ஒரு சூடு வரும். வாயு என்று டாக்டர்கள் சொல்வார்கள். அதை நான் அவளிடம் சொன்னதில்லை. அன்றும் சொல்லவில்லை. ஸ்பூனில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டேன்.

"பொட்டியை மூடுறப்ப அதைத்தான் என் மூஞ்சியில போடணும்" என்றாள். "நீதான் போடணும்."

எங்களில் ஒரு வழக்கம் உண்டு. பெட்டி மூடுவதற்கு முன் நெருங்கிய ஒருவர் கடைசியாக முகத்தைத் துணியால் மூட வேண்டும். நான் சட்டத்தைக் கழற்றி, துணியை எடுத்தேன். சந்தனம் பொடியாகி உதிரும் என்று நினைத்தேன், உதிரவில்லை. என் பதினைந்து வயது முகத்தை அத்தையின் முகத்தின் மேல் விரித்தேன். மூக்கு மூக்கின் மேல் உட்கார்ந்தது. வாய் வாயின் மேல். கண்குழி கண்ணின் மேல். அப்பாவின் அக்கா அல்லவா, எங்களுக்கு ஒரே அச்சு. அவள் அத்தனை வருடம் பார்த்து வேண்டியது எந்த முகத்தை என்று அப்போது எனக்குச் சந்தேகம் வந்தது. வாயருகில் துணி லேசாக ஏறி இறங்கியது. ஃபேன் காற்று என்றார்கள். ஃபேனை நிறுத்தச் சொன்னேன். நிறுத்தும்வரை நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பிறகு மூடியை வைத்தார்கள்.

கல்லறைத் தோட்டத்திலிருந்து வந்து, குளித்து, மகளுக்குச் சோறு போட்டேன். அவள் மாத்திரையை எடுத்தாள். பெரிய செம்பு நிறையத் தண்ணீர் கொடுத்தேன்.

"முழுசாக் குடி."

குடித்தாள்.

"எறங்கிருச்சா?"

"எறங்கிருச்சும்மா."

"நெஞ்சுல எங்கயும் நிக்கலையே?"

"இல்லம்மா. தினமும் இதையே கேக்குற."

"படுக்காத. கொஞ்ச நேரம் எங்கூட உக்காரு."

உட்கார்ந்தாள். சிறிது நேரம் கழித்து என் கையைப் பார்த்துவிட்டு, "ஏம்மா நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு இருக்க?" என்றாள்.

அதே சூடு. அன்று வெள்ளிக்கிழமை இல்லை. வேண்டிக்கொள்ளவும் அந்த வீட்டில் இனி ஆள் இல்லை. நான் எழுந்து போய், செம்பில் மீதியிருந்த தண்ணீரையும் குடித்தேன்.